பெரிய இன்ஜினைத் தொடும் முன்

என் மகனே,

எட்டு மாதக் குழந்தையான உன்னை விட்டுவிட்டு உன் அம்மா வேலைக்குப் போய்விட்டாள் என்று உன்னிடம் ஒருநாள் யாராவது சொல்வார்கள். அநேகமாக உன் அத்தைதான் சொல்வார். அது உண்மைதான், நீ மறுத்துப் பேச வேண்டாம். நாளைக் காலை ஏழு மணிக்கு என் அப்பாவின், அதாவது உன் தாத்தாவின், வண்டி நம் தெருமுனையில் வந்து நிற்கும், நான் அதில் ஏறிப் போவேன். ஆனால் ஏன் போனேன் என்பதை மட்டும் அடுத்தவர் வாயால் நீ தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால்தான், நீ நோட்டைக் கிழித்து வாயில் வைக்கிற இந்த வயதிலேயே, வளர்ந்து ஆளாகிவிட்ட உன்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டது போல எழுதுகிறேன். எனக்கு இப்போது பத்தொன்பது வயது. இதைப் படிக்கும்போது நீ இன்றைய என்னைவிடப் பெரியவனாக இருப்பாய். நேரில் கேட்டால் எனக்குப் பாதிதான் வாயில் வரும். எழுதினால் முழுசாக வரும்.

பதினோராம் வகுப்பில் பாதியிலேயே நின்றுவிட்டேன். வறுமை என்றோ வேறு கொடுமை என்றோ யாராவது சொன்னால் நம்பாதே. இயற்பியல் வகுப்பில் ஆசிரியை என்னை எழுப்பி ஒரு கேள்வி கேட்டார். பதில் எனக்குத் தெரியும். உதடு பிரியவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மூன்று நாள் இப்படியே நடந்தது. நான்காம் நாள் பள்ளிக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸைவிட்டு இறங்கி, உன் தாத்தாவின் ஷெட்டுக்கு நடந்து போய்விட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பள்ளியை விட்டது என் தப்பு, அதை நான் அழகுபடுத்தப் போவதில்லை. உனக்கும் என் வெட்கம் வந்திருந்தால், வெட்கத்தோடேயே அந்த பெஞ்சில் உட்கார்ந்திரு. எழுந்து மட்டும் வந்துவிடாதே.

உன் தாத்தாவின் வண்டி ஆழ்துளைப் போர் போடுகிற வண்டி இல்லை. போட்ட போரில் தண்ணீர் வற்றினால் கூப்பிடுகிற வண்டி. திருவண்ணாமலையைச் சுற்றி எங்கே தோண்டினாலும் கொஞ்சம் மண், அதற்குக் கீழே கரும்பாறை. பாறைக்குள்ளும் தண்ணீர் இருக்கும், ஆனால் மயிரிழை விரிசல்களில் மாட்டிக்கொண்டிருக்கும். போர் அந்த விரிசலை ஒரு முழம் தள்ளித் தவறவிட்டிருக்கும். நாங்கள் போருக்குள் பைப்பை இறக்கி, அதன் முனையில் இருக்கிற ரப்பரை ஊதவைத்து நடுவில் அடைப்போம். அந்த அடைப்புக்கு பேக்கர் என்று பெயர். அதற்குக் கீழே பெரிய இன்ஜினால் தண்ணீரை அழுத்தினால், போக இடமில்லாத தண்ணீர் பாறையை விரித்துக்கொண்டு பக்கத்து விரிசலுக்கு வழி திறக்கும். உன் தாத்தா இதைக் கற்றது வடக்கே எண்ணெய்க் கிணறுகளில் ஹெல்பராக இருந்தபோது. எண்ணெய்க்கும் இதே வேலைதானாம், பல மடங்கு ஆழத்தில், பல மடங்கு அழுத்தத்தில். ஆனால் அங்கே எவரும் நேராகப் பெரிய இன்ஜினைத் தொடமாட்டார்களாம். முதலில் சின்ன டெஸ்ட். சின்ன இன்ஜினால் கொஞ்சம் தண்ணீரை அழுத்தி, வால்வை மூடிவிட்டு, அழுத்தம் காட்டுகிற மீட்டர் முள் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்த இறக்கத்தை வைத்துத்தான் எந்த ஆழத்தில் அடிப்பது, எவ்வளவு வேகம், எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்வார்கள்.

செங்கம் ரோட்டுப் பஞ்சர் கடையில் நீ இதைப் பார்த்திருப்பாய். காற்றடிக்கும்போது எந்த ட்யூபும் உப்பத்தான் செய்யும். அடிப்பதை நிறுத்திய பிறகுதான் அதன் யோக்கியதை தெரியும். பாறையும் அப்படித்தான். வால்வை மூடிய பிறகு முள் அசையாமல் நின்றால், அங்கே விரிசலே இல்லை, முழுப்பாறை. பொத்தென்று விழுந்தால் பெரிய ஓட்டை, அழுத்துகிற தண்ணீரெல்லாம் வீண். மெதுவாக, ஒரே சீராக இறங்கினால் மயிரிழை விரிசல் இருக்கிறது, அடிக்க வேண்டிய இடம் அதுதான். அரை நிமிடத்துக்கு ஒருமுறை முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. யாரோடும் பேச வேண்டாம். எனக்கென்றே யாரோ செய்துவைத்த வேலை மாதிரி இருந்தது. கூடி நிற்கிற ஜனங்களுக்கோ முள் ஏறினால்தான் குஷி. ஏறும்போது விசிலடிப்பார்கள். இறங்குவதைப் பார்க்க ஒருவரும் நிற்கமாட்டார்கள்.

இப்போது என் பெரிய தப்பைச் சொல்கிறேன். அடி அண்ணாமலையில் ஏழுமலை என்று ஒருவர், கால் ஏக்கரில் சாமந்தி போட்டிருந்தார். அவர் போரில் அரை இன்ச் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதை ஒரு இன்ச்சாக ஆக்கத்தான் எங்களைக் கூப்பிட்டார். அன்று வெள்ளிக்கிழமை, பௌர்ணமியும்கூட. கிரிவலக் கூட்டத்தில் வண்டி மாட்டி, நாங்கள் போய்ச் சேரவே நேரமாகிவிட்டது. மேல்மண் சரியாமல் போருக்குள் இறக்கியிருக்கிற கேசிங் பைப்புக்குக் கொஞ்சம் கீழே பேக்கரை இறக்கி நிறுத்தும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. ஏழுமலை கையில் காலண்டர் தாளோடு வந்தார்.

"பத்தரைக்கு ராகு காலம்ணா. அதுக்குள்ள பெரிய இன்ஜின ஸ்டார்ட் பண்ணிடுங்க."

"டெஸ்ட் ஒண்ணு இருக்குதுப்பா, அரை மணி ஆவும்" என்றார் உன் தாத்தா.

"அத அப்புறமாக்கூட பண்ணிக்கலாம்ணா. நேரம் போனா வருமா?"

உன் தாத்தா ஒப்புக்குச் சின்ன இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தினார். முள் கொஞ்சம் ஏறி, பொத்தென்று விழுந்தது. நான் பார்த்தேன். கேசிங் அடியில் பாறை நொறுங்கிக்கிடக்கிறது, இங்கே அடித்தால் தண்ணீர் பைப்பைச் சுற்றிக்கொண்டு மேலே வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். "நிக்கலபா" என்றேன். என் குரலில், அதாவது எனக்கே கேட்காத குரலில். கற்பூரம் ஏற்றினார்கள், பெரிய இன்ஜின் முழங்கியது. முள் சரசரவென்று ஏறியது, விசில் பறந்தது. அப்புறம் திடீரென்று விழுந்தது. "ஒடைஞ்சிடுச்சி, ஒடைஞ்சிடுச்சி!" என்று கைதட்டினார்கள். பாறை உடையவில்லை. கேசிங் பைப்பைச் சுற்றிச் சேறு கொப்பளித்து வந்தது. மண்ணும் கல்லும் போருக்குள் சரிந்து, இருந்த அரை இன்ச் தண்ணீரும் போய்விட்டது.

ஏழுமலை எங்களைத் திட்டவில்லை. "சாமி குடுக்கலன்னா நீங்க இன்னாண்ணா பண்ணுவீங்க" என்றார். அவர் மனைவி எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மோரை நான் குடித்தேன். சாமி எடுக்கவில்லை. முள் சொன்னது, எனக்குக் கேட்டது, நான் வாயை மூடிக்கொண்டேன். என் பழியைச் சாமி சுமக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். என் பள்ளிக்கூடத்து வெட்கத்தால் எனக்கு மட்டும்தான் நஷ்டம். இந்த வெட்கத்தால் ஒரு தோட்டமே காய்ந்தது. மகனே, பேசாமல் இருக்கிறவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று உலகம் சொல்லும். அதை நம்பிவிடாதே.

திரும்பி வரும்போது வண்டியில் உன் தாத்தா கேட்டார்.

"அந்த முள்ளு நிக்கலன்னு உனக்குத் தெரிஞ்சிதாமா?"

"தெரிஞ்சிது."

"சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேன்பா."

"என் காதுல உழல."

"உழற மாதிரி சொல்லல."

அவர் கியரை மாற்றினார். "எனக்குந்தான் தெரிஞ்சிது, போ" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஏழுமலையின் மனம் கோணக் கூடாது என்று அவர் பேசவில்லை, வெட்கத்தில் நான் பேசவில்லை. நான் கேட்டேன், "எண்ணெய்க் கெணத்துல எல்லாம் ராகு காலம் பாக்கமாட்டாங்களாபா?"

"ஏன் பாக்காம. தேங்காயே ஒடைப்பாங்க. ஆனா டெஸ்ட்டு அன்னிக்கே ஒடச்சிடுவாங்க."

"அப்ப நம்பளும் சின்ன இன்ஜினுக்கே கற்பூரம் ஏத்திடலாமே."

அவர் சிரித்தார். அடுத்த வேலையிலிருந்து சின்ன இன்ஜினுக்குத்தான் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம். நல்ல நேரத்தில் டெஸ்ட் தொடங்கிவிடும். அப்புறம் பெரிய இன்ஜின் எத்தனை மணிக்கு ஓடினாலும் ஒருவரும் கேட்பதில்லை, பூஜைதான் முடிந்துவிட்டதே. அது நான் கண்டுபிடித்தது. யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் நடந்தது. உன் அப்பா தண்ணி லாரி ஓட்டுகிறவர், எங்கள் வேலைக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது மீட்டர் பக்கத்தில் என்னைப் பார்த்துவிட்டுப் பெண் கேட்டு வந்தார். நான் தலையை ஆட்டினேன். அது சம்மதமா, வெட்கமா என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை. நல்லவேளையாக அது சம்மதம்தான். நீ கேட்காமல் இருந்துவிடாதே. ஒரு பெண் உன் முன்னால் தலையாட்டினால், வாயால் சொல்லும் வரைக்கும் நில்.

நீ என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது கீழ்பென்னாத்தூர் பக்கம் சம்பந்தம் என்பவரின் மணிலாக் காட்டுக்குப் போனோம். கடலைக் காய் பிடிக்கிற சமயம், இரண்டு தண்ணீர் கட்டாவிட்டால் எல்லாம் பருப்பில்லாமல் பொக்காகிவிடும். அந்த வறட்சியிலும் எங்கிருந்தோ இரண்டு டேங்கர் தண்ணீர் வரவழைத்து வைத்திருந்தார். சின்ன இன்ஜினுக்குப் பூஜை போடுவதைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, குட்டிக்கு மால போட்டா பெரிசு கோவிச்சிக்காதா?" என்று ஊரையே சிரிக்கவைத்தார். அவர் மனைவி என் வயிற்றைப் பார்த்தார். "மாசமா இருக்கற பொண்ணு நெலத்த ஒடைக்கற எடத்துல நிக்கலாமா? வண்டில போயி ஒக்காரும்மா." உன் தாத்தாவும் என்னைப் பார்த்தார். "வண்டிலேந்து முள்ளு தெரியாதுங்க" என்றேன். நான் நகரவில்லை.

பேக்கரை நல்ல ஆழத்தில் நிறுத்தி முதல் டெஸ்ட். வால்வை மூடினோம். முள் சிலை மாதிரி நின்றது. பத்து நிமிடம் எழுதினேன், பத்து நிமிடமும் ஒரே எண். சம்பந்தம் துள்ளினார். "பாத்தியா, இன்னா கெட்டி! இங்கயே அடிப்பா. மீட்டரு ஏற ஏறத்தான் தண்ணியும் ஏறும்." முள் ஏறினால் விசிலடிக்கிறவர்களின் தப்பு இதுதான், எல்லா ஊரிலும் இதே பேச்சுதான். விரிசலே இல்லாத பாறையில் இரண்டு டேங்கரையும் ஊற்றினால், அதில் உண்டாகும் புது விரிசல் எந்தத் தண்ணீரோடும் போய்ச் சேராது. சரியான இடத்தில் அடிக்கத் தண்ணீரும் மிஞ்சாது. உன் தாத்தா என்னவோ சொல்லிப் பார்த்தார். கூட்டம் விடவில்லை. அவர் கை பெரிய இன்ஜினை முடுக்கியது, சத்தம் காதை அடைத்தது.

"நிறுத்துங்க!"

அது என் குரல் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. இன்ஜின் நின்றது. அந்தக் காட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளியில் பார்த்தார்களே, அதே பார்வை.

"ஏம்பா, உன் பொண்ணு இன்ஜினியரா?" என்று கேட்டார் சம்பந்தம்.

"பதினொண்ணு, அதுவும் பாதிங்க" என்றேன். "ஆனா இங்க விரிசலே இல்லீங்க. முள்ளு எறங்கவே இல்ல. ரெண்டு பைப்பு மேல தூக்கிப் பாக்கணும். உங்க தண்ணிய வீணாக்க நான் எழுதித் தரமாட்டன்."

இவ்வளவு வார்த்தைகளை நான் ஒரே மூச்சில் அதற்கு முன் பேசியதே இல்லை. உன் தாத்தா இன்ஜின் சாவியைக் கழற்றி என் நோட்டின் மேல் வைத்தார். இரண்டு பைப் தூக்கினோம். மறுபடி டெஸ்ட். இந்த முறை முள் மெதுவாக, சோறு ஆறுகிற மாதிரி இறங்கியது. இன்னும் மேலே தூக்கினோம், பொத்தென்று விழுந்தது. ஆகவே நடு ஆழத்துக்கே மறுபடி இறக்கினோம். சம்பந்தம் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டு, "பொழுது போயி பொழுது வந்துடும்போல" என்று முனகினார். மதியத்துக்குமேல் அடித்தோம். முள் ஏறியது, பாறை உடைந்ததும் இறங்கி, சமமாக நின்றது. கம்ப்ரஸர் வைத்துப் போரைக் கழுவிப் பார்த்தபோது ஒன்றரை இன்ச் தண்ணீர். மணிலா பிழைத்தது. நல்ல நேரத்தில் தொடங்கியதால்தான் தண்ணீர் வந்தது என்று சம்பந்தம் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும். ஒன்று மட்டும் நீ தெரிந்துகொள். அன்று தண்ணீர் வராமல் போயிருந்தாலும் நான் கத்தியது சரிதான்.

நீ பிறந்த பிறகு நான் போகவில்லை. போன வாரம் உன் தாத்தா உன்னைப் பார்க்க வந்தார். உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "நான் உன்னக் கூப்பிட வரலமா" என்றார். கூப்பிடத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்தது. ஒரு போர் கெட்டுப்போய்விட்டதாம்.

"டெஸ்ட் பண்ணீங்களாபா?"

"பண்ணம். அஞ்சு நிமிஷம்."

"யாரு எழுதனது?"

"மனசுலயே வெச்சிருந்தம்."

அன்று சாயங்காலமே உன் அப்பாவிடம் சொன்னேன், வாரத்தில் மூன்று நாள் போகப்போகிறேன் என்று. அவர் லாட்ஜுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காலை ஏழுக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறவர். "நான் ஆம்பள, கொழந்தைய எப்டி பாத்துக்கறது?" என்றார். "கத்துக்குங்க. லாரி கத்துக்கல?" என்றேன். உன் அத்தை பக்கத்து வீட்டிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். "புள்ள அழுதா அந்த மீட்டரு வந்து பாலு குடுக்குமா? எவளாவது ஆம்பளப் புள்ளயப் பெத்துப்போட்டுட்டு வண்டி ஏறுவாளா?" பழைய நான் என்றால் அடுப்படிக்குள் போயிருப்பேன். "ஏறுவேன் அண்ணி" என்றேன். "பொம்பளப் புள்ளயா இருந்தாலும் ஏறுவேன்." ஒரு வருடம் போகட்டும் என்று உன் அப்பா இடையில் ஒரு சமாதானம் சொன்னார். ஒரு வருடம் ஐந்து வருடமாகும். பள்ளியைவிட்டு வந்தபோதும் ஒரு வாரம் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் நான் நேராகப் பெரிய இன்ஜினைத் தொடுகிறவள் இல்லை. முந்தாநாள் உனக்குப் பால் கொடுத்து, கேழ்வரகுக் கஞ்சியைக் காட்டிவிட்டு, உன் அப்பா கையில் உன்னைக் கொடுத்து வெளியே போனேன். இரண்டு மணிநேரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். நேற்று நான்கு மணிநேரம். எப்போது அழுதான், எப்போது நின்றது என்று எழுதிவைக்கச் சொன்னேன். உன் அப்பா லாட்ஜ் ரசீதின் பின்பக்கம் எழுதிவைத்திருந்தார். முதல் நாள் இருபது நிமிடம் அழுதிருக்கிறாய். இரண்டாம் நாள் ஏழு நிமிடம். கஞ்சியில் பாதியை அவர் சட்டையில் துப்பியிருக்கிறாய், மீதியைத் தின்றிருக்கிறாய். நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்று யாரும் எழுதவில்லை. அது ஜாஸ்திதான்.

ஒரு வேண்டுகோள் உண்டு. நீ பெரியவனாகி எந்த வேலையில் இருந்தாலும், உன் பக்கத்தில் சின்னக் குரல் உள்ள ஒருத்தி நிற்பாள். உன் மனைவியாக இருக்கலாம், உன்னிடம் வேலை செய்கிறவளாக இருக்கலாம். அவள் கத்தும்வரை காத்திருக்காதே. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேள். கத்துவதற்கு எனக்கு ஒரு தோட்டம் பலியாக வேண்டியிருந்தது. அவளுக்கும் அப்படி ஆக நீ காரணமாகிவிடாதே.

நாளைக் காலை உன் அத்தை கதவைச் சாத்திக்கொள்வார். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் கோலம் போடுகிற சாக்கில் நின்று பார்ப்பார்கள். உன் அப்பா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை வருவார், இதுவரை இந்தத் தெருவில் எந்த ஆணும் அப்படி வந்ததில்லை. வண்டி கிளம்பும்போது நீ இரண்டு கையையும் நீட்டுவாய். நான் திரும்பி உன்னைப் பார்ப்பேன், சிரிப்பேன், கையை அசைப்பேன். இறங்கமாட்டேன்.

உன் அம்மா